கரையொதுங்கிய உடலும் வீட்டில் இருக்கும் பழைய கட்டுப்பல்லும்: அண்ண வரிகளை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா?

திருகோணமலையிலிருந்து வந்த கேள்வி இது. அறுபது வயதைக் கடந்த ஒருவர் வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. சில நாள் கழித்து ஓர் உடல் கரையொதுங்குகிறது. முகம் தெரியும் நிலையில் இல்லை, மேல்வாயில் ஒரு பல்லும் இல்லை. வாயில் போட்டிருந்த புதுக் கட்டுப்பல் கடலோடு போய்விட்டது. பழைய கட்டுப்பல் வீட்டில் இருக்கிறது. அண்ணத்தில், அதாவது மேல்வாயின் கூரையில் உள்ள வரிகளை அதனோடு ஒப்பிட்டு ‘இவர்தான்’ என்று சொல்லலாமா, அது கைரேகை மாதிரி நம்பகமானதா என்று கேட்டிருக்கிறார்கள்.

சொல்லலாம். அந்தப் பழைய கட்டுப்பல் இருப்பதால்தான் சொல்லலாம். அண்ண வரி என்பது ஒப்பிட்டுப் பார்க்கும்போது மட்டுமே பேசும் சான்று. இறந்தவரின் வாயில் எவ்வளவு துல்லியமாக அச்சு எடுத்தாலும், உயிரோடு இருந்தபோது பதிவான ஒன்று பக்கத்தில் வைக்க இல்லாவிட்டால் அது அலுமாரிக்குள்ளேயே கிடக்கவேண்டியதுதான். ஆகவே அந்தக் கட்டுப்பல்லை இப்போதே எடுத்து வையுங்கள். கழுவ வேண்டாம், பிரஷ் போட வேண்டாம், வெந்நீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். ஏன் என்பது கீழே வருகிறது.

நாக்கு நுனியை மேல் முன்பற்களின் பின்பக்கம் வைத்து மெதுவாகப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு சதைமொட்டு தட்டுப்படும். பல் வைத்தியர்கள் அதை இன்சைசிவ் பப்பிலா என்பார்கள். அதற்குப் பின்னால் நடுக்கோட்டின் இரு புறமும் குறுக்காக ஓடும் மேடுகள்தான் அண்ண வரிகள். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மூன்று முதல் ஐந்து வரை இருக்கும். வலமும் இடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கருவில் 12 முதல் 14 வாரத்துக்குள் இவை உருவாகிவிடுகின்றன. பிறகு அண்ணம் வளர வளர வரிகளின் நீளமும் இடைவெளியும் கூடும், ஆனால் கோலம் மாறாது. இரட்டையரிடம்கூட ஒத்த சாயல் இருக்குமே தவிர அதே கோலம் இருக்காது. 1889இலேயே அமெரிக்க உடற்கூற்றியலாளர் ஹாரிசன் அலன் இதை அடையாளத்துக்குப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். 1932இல் ஸ்பெயினின் துரோபோ ஹெர்மோசா ‘ருகோஸ்கோப்பி’ என்று பெயரும் வைத்தார்.

இதன் உண்மையான பலம் இருக்கும் இடம். வெளியே உதடு, பக்கத்தில் கன்னம், கீழே நாக்கு, மேலே எலும்பு. தீயில் முகம் கருகினாலும், நீரில் முகம் ஊதினாலும், அண்ணம் அவற்றுக்குப் பின்தான் சிதையும். எங்கள் வெப்பத்தில் இரண்டு, மூன்று நாளிலேயே முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வது ஆபத்தான வேலையாகிவிடும். நெருங்கிய உறவினரே தவறாக ‘இவர்தான்’ என்று சொல்லிவிடுவார்கள். துக்கத்தில் இருக்கும் மனிதரிடம் அதைவிட வேறு எதை எதிர்பார்ப்பது?

கைரேகையோடு ஒப்பிட்டுக் கேட்டதால் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இன்டர்போல் வழிகாட்டலில் முதல்நிலை அடையாளச் சான்றுகள் மூன்று: கைரேகை, பல் ஒப்பீடு, மரபணு. அண்ண வரிகளுக்கு அங்கே தனி நாற்காலி இல்லை. பல் ஒப்பீட்டின் துணையாகத்தான் அவை வருகின்றன. கைரேகைக்கு இருப்பதுபோல் பதிவுக் களஞ்சியமும் இதற்கு இல்லை. எத்தனை புள்ளி பொருந்தினால் ஆள் உறுதி என்று எல்லோரும் ஏற்ற எண்ணிக்கையும் இல்லை. எனவே கைரேகை கிடைக்குமானால் முதலில் அதைத்தான் எடுக்கவேண்டும். கடலில் கிடந்த உடலில் விரல்தோல் ஊறிச் சுருங்கி, கையுறை கழன்றாற்போல் கழன்று வரும். பலர் அதோடு ரேகை போய்விட்டது என்று விட்டுவிடுகிறார்கள். கழன்ற தோல் கிடைத்தால், பரிசோதகர் கையுறை அணிந்த தன் விரலில் அதை மாட்டியே ரேகை எடுக்கலாம். நண்டும் மீனும் விரல் நுனியைத் தின்றிருந்தால்தான் அந்த வழி அடைபடும்.

எலும்புக்கூட்டில் இந்த முறை உதவாது. அண்ண வரி மென்திசு. அது உரிந்து போனபின் எலும்பில் அதன் தடம் நிற்காது. மன்னார், செம்மணி போன்ற புதைகுழிகளைப் பற்றிப் பேசும்போது சிலர் இதையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அங்கே கிடைப்பது எலும்பும் பல்லும் என்பதால் பல் ஒப்பீடும் மரபணுவும்தான் வழி.

இனி வேலை எப்படி நடக்கும் என்பது. கரையொதுங்கிய உடலைப் பற்றிப் பொலிஸுக்கு அறிவித்ததும் திடீர் மரண விசாரணை தொடங்கும். நீதவானின் உத்தரவோடு சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். வாய்க்குள் அச்சு எடுப்பது அவருடைய பொறுப்பின் கீழ் நடக்கவேண்டிய வேலை. தெரிந்த பல் வைத்தியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஓரமாகச் செய்துகொள்ளும் காரியம் அல்ல. அப்படி எடுத்த அச்சு எவ்வளவு நன்றாக வந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது.

முதலில் தாடை திறக்கவேண்டும். மரண விறைப்பு தாடையில் சீக்கிரமே பிடிக்கும், எங்கள் வெயிலில் சீக்கிரமே விடும். சில நாள் நீரில் கிடந்த உடலில் பெரும்பாலும் அது விட்டிருக்கும். பிடித்திருந்தால் இரு புறமும் சீராக அழுத்தித் திறக்கவேண்டும். பற்கள் உள்ளவர்களில் அவசரப்பட்டு நெம்பினால் முன்பல் உடையும், அதுவே பெரிய இழப்பு. வெற்றிலை, பாக்கு நெடுங்காலம் போட்டு வாய்த்தசை இறுகிப்போனவர்களில் விறைப்பு விட்டாலும் வாய் அகலத் திறக்காது. அங்கே அச்சுப்பொருளை வைத்து வாய்க்குள் நுழைக்கும் சாதாரண ட்ரே நுழையாது. சிறிய ட்ரேயை வெட்டிக் குறுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது முன்பகுதிக்கு மட்டும் விரலால் புட்டியை (மா போல் பிசையும் அச்சுப்பொருளை) வைத்து அழுத்தி எடுக்கவேண்டும். வரிகள் முன்பகுதியில்தான் இருப்பதால் இது போதும்.

அடுத்தது சுத்தம். மணல், நுரை, பாசி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரும் கோஸும் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி) கொண்டு ஒற்றி எடுக்கவேண்டும். தேய்க்கக்கூடாது. ஊறிய அண்ணத்தோல் தேய்த்தால் தாள் மாதிரி உரிந்து வந்துவிடும், அதோடு வேலை முடிந்தது. சுத்தமானதும் உலர்ந்த கோஸால் ஈரத்தை ஒற்றவேண்டும். அச்சு எடுக்கும் முன்பே புகைப்படம் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அச்சு எடுக்கும்போதே தோல் உரியலாம். வாய்க்குள் வைக்கும் கண்ணாடி, மில்லிமீற்றர் அளவுகோல், அண்ணத்துக்கு நேர்செங்குத்தாக நிற்கும் கமரா. ஒரு படம் நேர் வெளிச்சத்தில், இன்னொரு படம் பக்கவாட்டில் சாய்ந்த வெளிச்சத்தில். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் வரி, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். கைத்தொலைபேசியைக் கிட்டக் கொண்டுபோய் எடுத்த படத்தை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், ஒப்பிட வேண்டாம். அது நடுவைப் பெருப்பித்து ஓரத்தைச் சுருக்கிவிடும்.

அச்சுக்கு, ரப்பர்போல் இறுகும் அடிஷன் சிலிக்கோன்தான் நல்லது: புட்டியும் அதன்மேல் இளகிய வகையும். இதில் மூன்று இடத்தில் வழக்கமாகக் கோளாறு வரும். ஒன்று கையுறை. லேற்றெக்ஸ் கையுறையோடு புட்டியைப் பிசைந்தால் அதிலுள்ள கந்தகக் கலவை சிலிக்கோனை இறுகவிடாது, மேற்பரப்பு பிசுபிசுவென்றே கிடக்கும். வைனைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வெப்பநிலை. பெட்டியில் எழுதியிருக்கும் இறுகும் நேரம் உயிருள்ள வாயின் சூட்டுக்கானது. குளிரூட்டியில் இருந்து எடுத்த உடலில் அந்த நேரம் இரு மடங்குக்கு மேலும் ஆகலாம். மேசையில் வைத்த மிச்சம் இறுகிவிட்டது என்று ட்ரேயை இழுத்தால் வரிகள் இழுபட்டு நீண்டு வரும். சோதனைக்கு வைக்கும் மிச்சத்தை உடலின் தோல்மேலேயே வைத்துப் பாருங்கள். மூன்றாவது ஈரம். ஈரத்தின்மேல் சிலிக்கோன் படியாமல் குழி விழும்.

சிலிக்கோன் கிடைக்காவிட்டால், தண்ணீரில் கலக்கும் அச்சுத்தூளான அல்ஜினேற் எடுக்கலாம். ஆனால் அது காற்றில் சுருங்கும், தண்ணீரில் ஊதும். 10, 15 நிமிடத்துக்குள் டென்டல் ஸ்டோன், அதாவது கல்போல் இறுகும் வார்ப்புமா ஊற்றிவிட வேண்டும். பிரேத அறையில் எடுத்து, ஆய்வுகூடத்துக்கு ஆட்டோவில் கொண்டுபோய், பிறகு ஊற்றுவோம் என்றால் அது அவருடைய அண்ணம் இல்லை. சிலிக்கோனில் அந்த அவசரம் இல்லை. பல வகைகளில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் ஊற்றவேண்டும், முந்தினால் கற்பரப்பில் நுண்குமிழ்கள் வரும். ஒரே அச்சில் இரண்டு, மூன்று வார்ப்பும் எடுக்கலாம்.

ஸ்டோன் கலக்கும் அளவு: மூன்றாம் வகை என்றால் 100 கிராமுக்கு 28 முதல் 30 மில்லிலீற்றர் தண்ணீர். நான்காம் வகைக்கு 20 முதல் 24. கண்ணளவில் கலக்கக்கூடாது. தண்ணீர் கூடினால் வரியின் விளிம்பு மழுங்கும். கடலோரக் கிணறுகளில் உப்புச் சுவை இருக்கும், அந்தத் தண்ணீர் கல்லைச் சீக்கிரம் இறுகச் செய்துவிடும். வடித்த நீர் வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வு மேசையில் வைத்து ஒரு ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக ஓடவிட்டு, 45 முதல் 60 நிமிடம் கழித்துப் பிரிக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். அச்சில் சிக்கிய காற்றுக்குமிழ், வார்ப்பில் ஒரு சிறு மணியாகப் புடைத்து நிற்கும். அனுபவம் இல்லாதவர் அதை வட்ட வடிவ வரி என்றோ, துண்டு வரி என்றோ எழுதிவிடுவார். உண்மையான வரியின் விளிம்பு அண்ணத்தோடு மெல்லச் சரிந்து கலக்கும். குமிழ் மணி உருண்டையாக, அடியில் வெடுக்கென்று முடியும். சந்தேகமானால் இரண்டாவது அச்சை எடுத்துப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடியும் இருந்தால் வரி.

இப்போது கட்டுப்பல். அதன் மேல்பக்கத்தை, அதாவது அண்ணத்தோடு ஒட்டும் பக்கத்தை மட்டும்தான் எடுக்கவேண்டும். நாக்கு படும் பக்கத்திலும் சில கட்டுப்பல்லில் வரிகள் இருக்கும். பேச்சுத் தெளிவுக்காக மெழுகிலேயே பதித்த செயற்கைக் கோலமாகவும் அது இருக்கலாம். அதை ஒப்பிட்டு ‘பொருந்தவில்லை’ என்று எழுதினால் சரியான ஆளையே விலக்கிவிடுவீர்கள்.

அச்சுக்கு முன் மரபணுவுக்கான ஒற்றுப்பஞ்சு மாதிரியை எடுத்துவிட வேண்டும். அணிந்தவரின் உயிரணுக்கள், கட்டுப்பல் செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் நுண்குழிகளில் ஒட்டியிருக்கக்கூடும். கழுவ வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். வெந்நீர் வேண்டாம் என்றது அக்ரிலிக் வளையும் என்பதால். மாதிரி எடுத்தபின், பள்ளமும் உள்வளைவும் உள்ள ஓரங்களை மெழுகால் அடைத்து, உட்பரப்புக்கு மிக மெல்லியதாக வாஸ்லின் பூசி, ஸ்டோன் ஊற்றலாம். வாஸ்லின் தடித்தால் வரி மறையும். மெழுகு அடைக்காவிட்டால் கல்லைப் பிரிக்கும்போது கட்டுப்பல் உடையும். ஒரே ஒரு கட்டுப்பல்தான் இருக்கிறது என்றால் கல்லைவிடச் சிலிக்கோனையே நிரப்பி எடுப்பது பாதுகாப்பு. அது வளைந்து வெளியே வரும், வருவது நேரடியாகவே அண்ணத்தின் நகல். பகுதிக் கட்டுப்பல்லின் அக்ரிலிக் தட்டும், பல் நேராக்கும் சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் அண்ணத்தட்டும், பல் வைத்தியரிடம் கிடக்கும் பழைய கல் மாடலும் இதே வேலைக்கு உதவும். மாடல் கிடைத்தால் அதுதான் முதல்தரம், ஏனென்றால் கட்டுப்பல்லின் உட்பரப்பை ‘இடிக்கிறது’ என்று சொன்ன இடத்தில் வைத்தியர் உரசிக் குறைத்திருக்கலாம்.

இரண்டு வார்ப்பும் கையில் வந்தபின், நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியோடு 0.5 மில்லிமீற்றர் பென்சிலால் வரிகளின் ஓரத்தை வரையவேண்டும். உச்சியை அல்ல, ஓரத்தை. ஒப்பிடும் இரு வார்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையவே கூடாது. ஒன்றைப் பார்த்து மற்றதை வரைந்தால் கை தானாகவே பொருத்திவிடும். ஒன்றை முடித்து மூடி வைத்துவிட்டு மற்றதை எடுக்கவேண்டும், இன்னொருவர் தனியாக இரண்டையும் வரையவேண்டும். கூடவே வேறு ஆட்களின் சில வார்ப்புகளையும் கலந்து, எது யாருடையது என்று தெரியாத இலக்கங்களோடு கொடுத்தால் இன்னும் நல்லது.

நீளத்துக்கு ஆய்வாளர் லைசெல் 1955இல் வகுத்த அளவே இன்றும் புழக்கத்தில் உள்ளது: 5 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் முதன்மை வரி, 3 முதல் 5 வரை இரண்டாம்நிலை, 2 முதல் 3 வரை துண்டு வரி, 2க்குக் கீழே கணக்கில் எடுப்பதில்லை. 4.9 என்றும் 5.1 என்றும் இரண்டு பேர் அளந்தால் வகை மாறிவிடும். அதனால் வகைப்பெயரை மட்டும் எழுதாமல் அளவையும் எழுதுங்கள். வடிவத்தில் நேர், வளைவு, அலை, வட்டம் என நான்கு. இணைவில் இரண்டு: நடுக்கோட்டருகே ஒன்றாகத் தொடங்கி வெளியே பிரிவது, தனித்தனியாகத் தொடங்கி வெளியே சேர்வது. இந்த இணைவுகள்தான் எனக்கு மிகவும் பெறுமதியானவை. நேரான மூன்று வரி எத்தனையோ பேரிடம் இருக்கும். வலப்பக்க இரண்டாவது வரி நடுவில் பிளந்து, அதன் பின்கிளை மூன்றாவதோடு ஒட்டுவது என்பது அப்படியல்ல. திசைக்கு, வரியின் உள்முனையையும் வெளிமுனையையும் கோட்டால் இணைத்து, நடுக்கோட்டுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அது முன்னே சாய்கிறதா பின்னே சாய்கிறதா என்று பார்ப்பார்கள்.

பிறகு மேற்படிவு. இரு வார்ப்பையும் அசலளவில் படம் எடுத்து, ஒன்றின் கோலத்தை ஒளிபுகு தாளில் பிரதியெடுத்து மற்றதன்மேல் வைக்கவேண்டும். பப்பிலாவையும் நடுக்கோட்டையும் வைத்துத்தான் நேர்ப்படுத்த வேண்டும், பற்களையோ முரசின் விளிம்பையோ வைத்து அல்ல. பல் நகரும், பல் போனபின் முரசு எலும்பு தேயும். முப்பரிமாண ஸ்கானர் உள்ள இடத்தில் இதைக் கணினியிலேயே செய்யலாம். ஆனால் கணினி தரும் இடைவெளி எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஊதிய திசுவும் எண்ணைக் கூட்டும்.

எது மாறும், எது மாறாது என்று தெரியாமல் ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் தவறும். வரியின் உள்முனை நிலையானது. வெளிமுனை, பல் பிடுங்கினாலும் பல்லை நகர்த்தினாலும் கொஞ்சம் இடம் மாறும். மூன்றாவது வரி மற்றவற்றைவிட உறுதியாக நிற்கும். அண்ணத்தை விரிக்கும் சிகிச்சை, பிளவண்ண அறுவை, கட்டி போன்றவை கோலத்தையே குலைக்கும். பல வருடம் இரவு பகலாகக் கட்டுப்பல் போட்டவரில் அழுத்தத்தால் வரிகள் தட்டையாகும், அழற்சியால் அண்ணத்தில் சிறு மொட்டுகள் முளைத்து வரிகளை மூடும். உங்கள் கேள்வியில் உள்ளவருக்கு இதுதான் முக்கியம். பழைய கட்டுப்பல்லில் தெளிவாக உள்ள வரி, உடலில் மங்கலாக இருந்தால் அது பொருந்தாமை ஆகாது. பழையதில் இல்லாத பெரிய வரி ஒன்று உடலில் தெளிவாக இருந்தால், அதற்கு விளக்கம் வேண்டும். விளக்கம் இல்லையென்றால் அது வேறு ஆள்.

அறிக்கையில் எழுதக்கூடிய முடிவுகள் நான்கு: உறுதியான அடையாளம், சாத்தியமான அடையாளம், சான்று போதாது, விலக்கம். பல்லே இல்லாத ஒருவரில் வரிகளை மட்டும் வைத்து முதலாவதை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கோலம் சிக்கலானது, இணைவுகள் பொருந்துகின்றன, காணாமல் போனவர்களின் பட்டியலும் குறுகியது என்றால் இரண்டாவதை வலுவாக எழுதி, மரபணுவால் உறுதிப்படுத்துவதே முறை. விலக்குவதில் இந்த முறை இன்னும் கூர்மையானது. மூன்று குடும்பங்கள் ஒரே உடலுக்காகக் காத்திருக்கும்போது இரண்டு குடும்பத்தை ஒரே நாளில் விலக்கிவிட முடிந்தால் அது சிறிய உதவியா? நீதிமன்றத்தில் இது 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் வரும் நிபுணர் அபிப்பிராயம். எனவே வார்ப்பு, படம், அளவுகள், யாரிடமிருந்து யாருக்கு எப்போது கைமாறியது என்ற பதிவு எல்லாம் இருக்கவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அண்ண வரிகளைப் பார்த்து ஆணா பெண்ணா, எந்த இனம் என்று சொல்லலாம் என்று எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு கூட்டத்தில் அலை வடிவம் கொஞ்சம் கூட, இன்னொன்றில் வளைவு கொஞ்சம் கூட என்பது சராசரி பற்றிய பேச்சு. மேசையில் கிடக்கும் ஒருவரைப் பற்றி அது எதையும் சொல்லாது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில், வரியைப் பார்த்து உடலை ஒரு சமூகத்துக்கு ஒதுக்க முயல்வது அறிவியலும் அல்ல, நல்லதுக்கும் அல்ல. அந்த ஒதுக்கல் அடக்க முறையையே தீர்மானித்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் எத்தனையோ உடல்கள் அவசரமாகப் புதைக்கப்பட்டன. அதே அலையில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவரில் பெரும்பகுதியினர் பல் பதிவுகளால் அடையாளம் காணப்பட்டார்கள். வித்தியாசம் பெரிய கருவியில் இல்லை. அவர்களுடைய ஊர்ப் பல் வைத்தியரிடம் கோப்பு இருந்தது.

அதனால் இங்கே செய்யக்கூடியது மிகச் சாதாரணம். புதுக் கட்டுப்பல் செய்யும்போது வைத்தியர் எடுக்கும் முதல் மாடலைக் கேட்டு வாங்கி, பெயரும் திகதியும் எழுதி, பஞ்சில் சுற்றி வீட்டில் வையுங்கள். கட்டுப்பல்லிலேயே பெயரைப் பதிக்கச் சொல்லலாம். தேசிய அடையாள அட்டை இலக்கத்தை மெல்லிய தாளில் எழுதி, பின்பக்க அக்ரிலிக்குள் வைத்து நிறமற்ற அக்ரிலிக்கால் மூடுவது சில நிமிட வேலை. ஏற்கெனவே செய்த கட்டுப்பல்லென்றால் வெளிப்பக்கத்தின் பின்பகுதியில் ஒரு சிறு இடத்தை மெல்ல உரசி, பென்சிலால் எழுதி, வைத்தியரிடம் நிறமற்ற பூச்சு இரண்டு தடவை போடச் சொல்லுங்கள். அது தேயும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை முதலில் செய்யலாம்.

இப்போது கேட்ட குடும்பத்துக்கு: பழைய கட்டுப்பல்லைச் சுத்தமான கடித உறையில் வைத்து, வெளியே பெயர், திகதி, யார் எடுத்து வைத்தது என்று எழுதி, முறைப்பாடு செய்த பொலிஸ் நிலையத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இன்னும் மாதிரி எடுக்காததால் பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைக்காதீர்கள், பூஞ்சணம் பிடித்தால் மரபணு போய்விடும். எந்தப் பல் வைத்தியரிடம் செய்தது, எந்த வருடம், அதற்குப் பிறகு புதுசு எங்கே செய்தது, இரவில் கழற்றி வைப்பாரா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அச்சை ஒப்பிடப்போகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.